இடது கைக்கு ஒரு கத்தி

1

இன்று காலை இங்கே வட்டார அலுவலகத்தில் என் இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து மையில் உருட்டி எடுத்தார்கள். இந்த நாட்டில் குடியிருக்கும் வெளிநாட்டார் மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் போய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போதெல்லாம் ரேகை கொடுக்க வேண்டும். கோபே நகரத்துக்கு நாங்கள் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இது என்னுடைய நாலாவது ரேகை.

முந்தைய மூன்று தடவையும் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. "பதினோராவது வகுப்பு பாஸ் செய்தவள் நான். தமிழில் போடட்டுமா, இங்கிலீஷில் போடட்டுமா, கன்னடத்தில் போடட்டுமா கையெழுத்து? என்னிடம் போய் ரேகை கேட்கிறீர்களே!" என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் பொரிந்து தள்ளுவேன். குமாஸ்தா குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்பார். விரலை மட்டும் விடமாட்டார். வீட்டுக்கு வந்து இவரிடம் மறுபடி ஒரு பாட்டம் கத்துவேன். இவர், என் வீட்டுக்காரர், கிருஷ்ணகிரிக்காரர். கப்பல் சரக்குக் காகிதங்களோடு மல்லாடிப் பழகிய மனிதர். "விரலைத்தானே கேட்டான், கழுத்தையா கேட்டான்?" என்பார்.

இன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. அந்தக் குமாஸ்தாவுக்கே அது என்னவோ போலிருந்திருக்க வேண்டும். விரல் துடைக்க ஒன்றுக்கு இரண்டாகத் துணி கொடுத்தார்.

இன்று என் அக்கா இறந்து ஒரு வருஷம். மாதா கோயில் காலைப் பூசையில் அவள் பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டுவிட்டு, முக்காட்டைக்கூட எடுக்காமல் நேரே அந்த அலுவலகத்துக்குத்தான் போனேன். இன்றைக்குள் வர வேண்டும் என்று சீட்டு அனுப்பியிருந்தார்கள். செத்தவர்களுக்காக ஒரு நாள் தள்ளிப்போட அந்தச் சீட்டில் இடம் கிடையாது.

ஜப்பானைப் பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டு வெகு நாளாகிறது. டிரான்சிஸ்டர், நைலான் சேலை, பறக்கிற ரயில், ஒசாகாவில் வரப்போகும் உலகப் பொருட்காட்சி இவற்றைத்தான் எதிர்பார்ப்பார்கள். எனக்கு எழுத வருவது ஒரு காய் நறுக்கும் கத்தியைப் பற்றி. பிடித்தால் போடுங்கள், இல்லாவிட்டால் குப்பையில் போடுங்கள்.

2

அக்கா பேர் லூர்து மேரி. என்னைப் பெற்ற மறு வருஷமே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு மூட்டியவள், கடைசி மட்டும் அடுப்பை விட்டு நகரவில்லை. பாகலூரில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டினவர் மூன்றாம் வருஷமே காய்ச்சலில் போனார். பிள்ளை கிடையாது. ஓசூருக்கு வந்து, பெங்களூர் ரோட்டோரம் நாலு தகரத்தை நிறுத்தி, சாப்பாட்டுக் கடை போட்டாள்.

பலகை கிலகை ஒன்றும் இல்லை. லாரிக்காரர்களுக்கு அது 'லூர்தம்மா மெஸ்'. சேலத்து டிரைவர் தமிழில் குழம்பு கேட்பார். கன்னடக்காரர் "லூர்தம்மா, ஊட்டா ஆய்தா?" என்று அவள் சாப்பிட்டாளா என விசாரித்துக்கொண்டே மணையில் உட்காருவார். கோலார் பக்கத்து ஆள் தெலுங்கில் குறை சொல்வார். மூன்று பேரையும் அவரவர் பாஷையிலேயே திட்டுவாள். மூன்று பேருக்கும் ஒரே கேழ்வரகுக் களி, ஒரே அவரைக்காய்க் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆட்டுக்கறி.

அவளுடைய அரிவாள்மணை கடையில் வேறு யார் கைக்கும் போகாது. ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்தாளானால் ஒரு கூடைக் கத்தரிக்காய் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். எதிரில் நிற்கிறவன் முகத்தைப் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டே நறுக்குவாள், கீழே பார்க்கமாட்டாள். கத்தி, அரிவாள், ஊசி எதுவானாலும் கைக்குக் கை வாங்கமாட்டாள். "இரும்பைக் கையில குடுத்தா பகை வரும். கீழ வை, நான் எடுத்துக்கறேன்" என்பாள்.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது அவளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தேன். ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் முழுக்க, தினமும் கடை கழுவின பிறகு, சிலேட்டில். அவள் கையைப் பிடித்து இழுத்து இழுத்து எழுத வைப்பேன். 'லூ' அவளை அழவைத்துவிட்டது. "இதுக்கு ரெண்டு படி ராகி இடிச்சிருவேன் பாப்பா" என்பாள். பெரிய வெள்ளிக்குள் 'லூர்து மேரி' என்று முழுசாகப் போட்டுவிட்டாள். அவளுக்குத் தெரிந்த எழுத்தே அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே அவள் கெத்தை! தபால்காரரோ, தாலுகா ஆபீஸ்காரரோ பழக்கத்தில் மை டப்பாவைத் தள்ளினால் வந்தது வினை. "அதை அங்கிட்டு வை. பேனாவைக் குடு. நான் ரேகை வைக்கிறவ இல்ல." வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி சொல்வாள். பக்கத்தில் நான் நின்றால் என் தோளில் ஒரு தட்டு தட்டுவாள். எனக்குக் கூச்சமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

3

மூன்று வருஷத்துக்கு முன்பு அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எதிர்வீட்டு டீச்சர் அவளுக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பார். அக்கா சொல்லச் சொல்ல அப்படியே எழுதுவார். கீழே அக்கா கையெழுத்துப் போடுவாள்.

"பாப்பா, நான் நல்லா இருக்கேன். முட்டி மட்டும் சரியில்ல. அரிவாள்மணையில உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும். நின்னுக்கிட்டே நறுக்குற மாதிரி அங்க நல்ல கத்தி இருக்குன்னு ஒரு லாரிக்காரர் சொன்னார். காய்க்கு, கறிக்கு, மீனுக்கு எல்லாத்துக்கும் ஒரே கத்தியாப் பாரு. யார் எடுத்தாலும் நறுக்க வரணும். அவசரமில்ல."

இவ்வளவுதான் சேதி. கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. 'லூ' ஒரு பக்கம், 'ர்து' ஒரு பக்கம், 'மேரி' கோட்டை விட்டு இறங்கி ஓடியிருந்தது. இரண்டு இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது.

அன்றே பதில் எழுதினேன். கத்தி வாங்கி அனுப்புகிறேன் என்று எழுதிவிட்டு, சும்மா இருந்திருக்கலாம். வாய்க்கொழுப்பு விடுமா? 'உனக்கு நான் டீச்சர் வேலை பார்த்து என்ன பிரயோசனம்? உன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. இதுக்கு ரேகையே வைக்கலாம்' என்று வேடிக்கையாக எழுதினேன். எழுதும்போது சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். ஒட்டி, தபாலில் போட்டுவிட்டு மீன் வாங்கப் போனேன்.

எங்கள் தெருவுக்குக் கீழே சந்தைக்குள் ஒரு கத்திக் கடை இருக்கிறது. கடைக்காரர் மோரிதா, ஐம்பது வயதிருக்கும், பேச்சுக் குறைவு. கத்தி விற்பதைவிடக் கேள்வி கேட்பது அதிகம்.

"யாருக்கு?"

"ஊரில் என் அக்காவுக்கு."

"வீட்டுச் சமையலா, கடையா?"

"கடை. முப்பது பேருக்குச் சமைக்கிறாள். நாற்பதுகூட வரும்."

"எந்தக் கை?"

"வலது கைதான். வேறென்ன?" என்றேன். கேட்கிறான் பார் கேள்வி என்று மனசுக்குள் நினைத்தேன்.

இரண்டு கத்திகளை எடுத்து என்னிடம் நீட்டினார். இங்கே எதையும் இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டுவார்கள். நான் வாங்காமல், மேசையில் வைக்கும்படி கையைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. எங்கள் ஊர் வழக்கம், கைக்குக் கை வாங்கினால் பகை என்று விளக்கினேன். தலையாட்டி, மேசையில் வைத்தார்.

ஒன்று 'சந்தோகு'. மூன்று வேலைக்கும் ஆகும் என்ற அர்த்தத்தில் வைத்த பேராம். காய், கறி, மீன். விளிம்பை இரண்டு பக்கமும் தீட்டியிருப்பார்கள். வீட்டுக்கு வீடு இங்கே அதுதான். என் அடுப்பங்கரையிலேயே ஒன்று கிடந்தது. இன்னொன்று 'உசுபா'. பெரிய ஓட்டல்காரர்கள் காய்க்கென்றே வைத்திருப்பது. ஒரு பக்கம் மட்டும் தீட்டி, மறுபக்கம் தட்டையாக விட்டிருப்பார்கள். முள்ளங்கியைக் காகிதமாகச் சீவலாம். பிடிகூட வலது கை விரல் மடங்கும் இடத்தில் லேசாகப் புடைத்திருக்கும்.

"எல்லாத்துக்கும் ஒரே கத்தி என்று அவர் கேட்டாரானால் இதுதான்" என்று சந்தோகுவைத் தள்ளினார் மோரிதா. "யார் எடுத்தாலும் வரும்."

யார் எடுத்தாலும்! அக்கா எழுதின அதே சொல். என் காதில் ஏறவேயில்லை. அக்கா கடையில் அக்காவைத் தவிர வேறு யார் கத்தி எடுக்கப் போகிறார்கள்? தெருவில் போகிற வருகிறவள் வீட்டிலெல்லாம் கிடக்கிற கத்தியையா நான் என் அக்காவுக்கு அனுப்புவேன்? லாரிக்காரர்கள் வாயைப் பிளக்க வேண்டாமா? பிடியும் பளபளப்பும் பார்த்து உசுபாவைக் காகிதத்தில் சுற்றித் தரச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்று, நான் வாங்கினது என் பெருமைக்கு.

4

பார்சல் கப்பலில் போய்ச் சேர்ந்ததும், சுங்கத்தில் அதைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். இத்தனை நீளக் கத்தி எதற்கு, ஆயுதமா, சமையல் சாமானா என்று அக்காவுக்கு ஒரு காகிதம் வந்ததாம். சமையலுக்குத்தான் என்று எழுதி, யாரோ ஓர் அதிகாரியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, டீச்சர் அனுப்பிவைத்தார். அது போதாது, வேறு படிவம் வேண்டும் என்று திரும்பி வந்தது. முள்ளங்கி நறுக்குகிற சாமானுக்கு மூன்று மாசம் ஆயிற்று.

அப்புறம் கடிதம் வந்தது. "கத்தி கிடைச்சது. ரொம்ப நல்லா நறுக்குது. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க. நீ கவலப்படாத."

கீழே கையெழுத்து இல்லை. நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது.

அவசரத்தில் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கையெழுத்துப் போட்டால் மறுபடி தங்கச்சி கேலி பண்ணுவாள் என்று பதிலுக்குக் கேலி பண்ணுகிறாளோ என்றுகூடத் தோன்றியது. என் மகள் ஜெசிக்கு அப்போது ஒன்பது வயது. ஜப்பானிய மொழியில்தான் கனவே காண்கிறாள். தமிழ் எழுத்து அவளுக்கு வெறும் சுழி. கடிதத்தை எட்டிப் பார்த்து, "பெரியம்மாவோட முத்திரை அழகா இருக்கும்மா" என்றாள். இங்கே யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. பாங்கிலும் பள்ளிக்கூடத்திலும் ஆளுக்கொரு முத்திரைக் கட்டை வைத்துக் குத்துவார்கள். பெரியம்மாவும் அப்படி ஒன்று வைத்திருப்பதாக அவள் நினைத்துக்கொண்டாள். நானும் "ஆமாம்" என்று சொல்லி மடித்து வைத்தேன்.

அதற்கப்புறம் வந்த மூன்று கடிதத்திலும் ரேகைதான். நான் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை.

5

போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் முனிராஜ் அண்ணன் வந்தார். பாகலூர்க்காரர், நாற்பது வயது. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் போர்மேன். புது மிஷின் பழக ஆறு மாசம் ஒசாகாவுக்கு அனுப்பியிருந்தார்கள். ஊரில் தினமும் காலை பஸ் பிடிக்கும் முன்னால் அக்கா கடையில்தான் அவருக்குச் சாப்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா கொடுத்தனுப்பிய ராகி மாவு மூட்டையைக் கீழே வைத்து அவர் இன்னும் கால்கூடக் கழுவவில்லை, அதற்குள் நான் கேட்டேன்.

"அக்கா எப்படி இருக்கா அண்ணா? முட்டி வலி தேவலையா?"

"முட்டியா?" என்றார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "இன்னுமா உங்களுக்குச் சொல்லலை?"

"என்ன சொல்லலை?"

"அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஒன்றரை வருசத்துக்கு மேல ஆச்சுங்கம்மா. வலது கை வராது. கால் இழுத்து இழுத்து நடக்கறாங்க. வாய் மட்டும் ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம்." சிரிக்கப் பார்த்தார், நாங்கள் சிரிக்கவில்லை. "கீழ உக்கார முடியாது. அதான் நின்னுக்கிட்டு இடது கையில எல்லாம் செய்யறாங்க."

இவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை. நான்தான் குடித்தேன்.

"அப்ப அந்தக் கத்தி?" என்றேன்.

"அதை ஏங்கம்மா கேக்கறீங்க. பொட்டி பிரிச்சப்ப பாக்கணுமே, பத்து பேர் நின்னோம். இடது கையில எடுத்து வெச்சு அமுக்கினாங்க. நேரா எறங்க மாட்டேங்குது. ஒரு பக்கமா கோணிக்கிட்டுப் போவுது. பழகினா வரும்னு நாலு நாள் பாத்தாங்க. வலது கையைக் காய் மேல தூக்கி வெச்சுக்கிட்டு நறுக்கறதா, கத்தி அந்தக் கையில எறங்கிருச்சு. அந்தக் கையில உணர்ச்சி இல்லீங்களே. பலகையில ரத்தத்தைப் பாத்துத்தான் அவங்களுக்கே தெரிஞ்சது."

"ஐயோ! ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? டீச்சருக்காவது புத்தி வேண்டாமா?"

"டீச்சர் எழுதறேன்னுதான் நின்னாங்க. அக்கா விடல. 'அவ அங்கிருந்து என்ன செய்வா? அழுவா. எதுக்கு?'ன்னுட்டாங்க. கத்திய துணியில சுத்தி மாதா படத்துக்குக் கீழ வெச்சிருக்காங்க. புதுசா வர்ற லாரிக்காரங்க எல்லாருக்கும் பிரிச்சுக் காட்டுவாங்க. 'என் தங்கச்சி ஜப்பான்ல இருந்து அனுப்புனா'ன்னு."

எனக்கு அப்போதுதான் அந்தக் கையெழுத்து ஞாபகம் வந்தது. கோட்டை விட்டு இறங்கி ஓடின 'மேரி'. கிழிந்த காகிதம். உள்ளே போய் அந்தக் கடிதத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது அவ இடது கையில போட்டதா?"

அவர் எடுத்துப் பார்த்தார். "ஆமாங்கம்மா. ஒரு வாரமா பழகினாங்க, களி கிண்டற நேரம் போக மத்த நேரமெல்லாம். என் டைரியில பேப்பர் கிழிச்சுக் குடுத்தேன்."

"அதுக்கு நான் எழுதின பதில்..."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"டீச்சர் படிச்சப்ப நான் அங்கதான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். கோழி கிண்டின மாதிரின்னு படிச்சதும் அக்கா சிரிச்சாங்கம்மா. நெசமா சிரிச்சாங்க. 'எங்க பாப்பாவுக்கு வாய் ஜாஸ்தி'ன்னாங்க. அப்புறம் நான் பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப கூப்பிட்டு, சாயங்காலம் வரும்போது மை டப்பா ஒண்ணு வாங்கியாரச் சொன்னாங்க. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

நான் ரேகை வைக்கிறவ இல்ல என்று ஊர் கேட்கச் சொன்னவள். அவள் கையில் மை டப்பாவைக் கொடுத்தது முனிராஜ் அண்ணன் அல்ல, நான். கற்றுக்கொடுத்தவளும் நான், பிடுங்கிக்கொண்டவளும் நான். இதை எந்தப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுவேன்? சொன்னேன். சாமியார் ஜப்பானியர். எனக்குச் சரியாக வராத மொழியில் சொல்லி, எனக்குப் புரியாத மொழியில் மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

6

மறுநாள் கடை திறக்கும் முன்பே மோரிதா வாசலில் நின்றேன்.

"நான் பொய் சொல்லிவிட்டேன். வலது கை இல்லை. இடது கை" என்றேன்.

"இடது கைக்காரரா?"

"இல்லை. வலது கை செத்துவிட்டது."

அவர் உள்ளே கூட்டிப்போய், ஒரு முள்ளங்கியைப் பலகையில் வைத்து, என் வலது கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். முதலில் உசுபாவை வைத்தார். இடது கையில் எடுத்து அமுக்கினேன். முனிராஜ் அண்ணன் சொன்ன மாதிரியே கத்தி கோணிக்கொண்டு போயிற்று. பிடியின் புடைப்பு உள்ளங்கையில் உறுத்தியது. ஒரு பக்கம் தீட்டின கத்தி அந்தப் பக்கத்துக் கைக்கு மட்டும்தான் சொன்னபடி கேட்கும் என்றார். இதைப் போன தடவையும் சொல்லியிருந்தார். நான்தான் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நாலைந்து சந்தோகு வைத்தார். இந்தத் தடவை நான் அழகு பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக இடது கையில் எடுத்து நறுக்கினேன். நீளமானதை ஒற்றைக் கையால் அடக்க முடியவில்லை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பது போதும். கனமானது மணிக்கட்டை இழுத்தது. பிடி எந்தக் கைக்கும் பொருந்தும்படி முட்டை வடிவாக இருக்க வேண்டும். விளிம்பு கிட்டத்தட்ட நேராக இருந்தால் ஆட்டாமல் அசைக்காமல் மேலிருந்து அமுக்கினாலே காய் இரண்டாகும். தகடு அகலமாக இருந்தால் நறுக்கினதை அதிலேயே வாரிச் சட்டியில் போடலாம். அதற்கு இன்னொரு கை வேண்டாம். நனைந்தபடி கிடந்தாலும் துருப்பிடிக்காத இரும்பாக இருக்க வேண்டும்; ஒற்றைக் கையால் கத்தியைத் துடைத்து வைப்பது எப்படி? இத்தனையும் சேர்ந்த கத்தி ஒன்று இருந்தது. என் அடுப்பங்கரையில் கிடந்ததும் அதேதான்.

"காயை யார் பிடிப்பார்கள்?" என்று கேட்டார் மோரிதா.

"அந்தச் செத்த கையைத்தான் காய்மேல் தூக்கி வைத்துக்கொள்கிறாளாம்."

அவர் உள்ளே போனார். ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு மரப்பலகை. அதன் அடியிலிருந்து மேலே வரும்படி துருப்பிடிக்காத இரண்டு ஆணி அடித்திருந்தார். முள்ளங்கியை அதில் குத்தினால் அசையாமல் நின்றது. போரில் என் தம்பிக்கு ஒரு கை போனது, அவனுக்கு இப்படி ஒன்று செய்துகொடுத்தேன் என்று மட்டும் சொன்னார். தம்பி இருக்கிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கத்தியைச் சுற்றி முடித்து, என்னிடம் நீட்டாமல், மேசையில் வைத்துக் கையை எடுத்துக்கொண்டார். என் ஊர் வழக்கத்தை அவர் மறக்கவில்லை.

பயிற்சி முடிந்து முனிராஜ் அண்ணன் ஊருக்குக் கிளம்பும்போது நானும் அப்படியே மேசையில் வைத்தேன். "கையில வாங்காதீங்க அண்ணா, எடுத்துக்குங்க. அக்காவுக்கும் கீழ வெச்சே குடுங்க" என்றேன். கூடவே ஒரு கடிதம். மன்னிப்பு என்று தொடங்கி எட்டுத் தடவை கிழித்துப் போட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதினேன். 'அக்கா, இனிமேல் கடிதத்தில் உன் கையெழுத்து இல்லாவிட்டால் நான் படிக்கமாட்டேன்.'

நேரே போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். திரும்ப உள்ளே விட இங்கே ஓர் அனுமதி வாங்க வேண்டும். ஜெசிக்குப் பள்ளிக்கூடம், இவருக்கு லீவு. கோடைக்குள் போய்விடலாம் என்று காகிதங்களைக் கொடுத்துவைத்தோம். அந்தக் காகிதங்கள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய்க்கொண்டிருந்தன.

7

தந்தி வந்தது. ஆங்கிலத்தில் மூன்று சொல். ஓசூரில் அன்று மாலையே அடக்கம் முடிந்திருந்தது. இரண்டாவது தடவை பக்கவாதம் வந்து, அடுப்புப் பக்கத்திலேயே விழுந்தாளாம். லாரிக்காரர்கள்தான் பெட்டி தூக்கினார்களாம். இதெல்லாம் பிற்பாடு டீச்சர் எழுதித் தெரிந்தது. ஜெசி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, இங்கத்து வழக்கப்படி முழங்காலில் கை வைத்துத் தலைகுனிந்து, பெரியவர்கள் சொல்லும் அனுதாப வார்த்தையை ஜப்பானிய மொழியில் சுத்தமாகச் சொன்னாள். பெற்ற தாய்க்கு! அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அவள் பயந்துபோனாள்.

எட்டு நாள் கழித்து அக்காவின் கடிதம் வந்தது. சாவதற்கு நாலு நாள் முந்தி போட்டது.

"பாப்பா, கத்தி வந்தது. முனிராஜ் கீழ வெச்சுத்தான் குடுத்தான். பரங்கிக்காய் அரிஞ்சேன், கறி போட்டேன், நேரா எறங்குது. ஆணி அடிச்ச பலகை யாரு செஞ்சது? அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும். ஒரே கத்தி கேட்டேன், ரெண்டா அனுப்பிட்ட. மொதல் கத்திய உன் மகளுக்கு வெச்சிருக்கேன். நீ அழுதியாம், முனிராஜ் சொன்னான். போடி பைத்தியமே."

கீழே கையெழுத்து இருந்தது. ரேகை இல்லை. 'லூர்து மேரி'. 'லூ' சுழி மூடவில்லை. 'ரி' காகித விளிம்பு வரை போய் இடமில்லாமல் நின்றிருந்தது. ஆனால் எங்கேயும் கிழியவில்லை.

இன்று காலை ரேகை கொடுத்து முடித்ததும், குமாஸ்தா கையெழுத்துக்குப் படிவத்தைத் தள்ளினார். நான் பேனாவை இடது கையில் எடுத்தேன். என் பேர் நாலே எழுத்து. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பேனா வழுக்கி வழுக்கி, 'பி' முடிவதற்குள் எழுத்து கோட்டைத் தாண்டிவிட்டது. எத்தனை நேரம் ஆனது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம். இரண்டு கையும் நன்றாக இருக்கிற எனக்கு ஆறு நிமிஷம்.

குமாஸ்தா பழைய அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். "மன்னிக்கவும் அம்மா, இது உங்கள் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. மறுபடி போடுங்கள்" என்றார்.

வலது கையால் போட்டுக்கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்தக் குறிப்பின் கீழே மட்டும் இடது கையால்தான் போட்டிருக்கிறேன். கோழி கிண்டின மாதிரிதான் இருக்கிறது. அச்சில் உங்களுக்கு அது தெரியாது. எல்லா எழுத்தும் நேராகத்தான் வரும்.

பிலோமினா